அடம்பன் கொடியை வளவில் வளர்ப்பது எப்படி? மாம்புரி மணலிலிருந்து சில குறிப்புகள்

பாலாவியில் இருந்து கற்பிட்டி வீதியில் திரும்பினால் இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் களப்பு. வடக்கில் இருந்து தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்வந்த வாசகர்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரிந்திருக்கும். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியும் மாம்புரியில் 2010ஆம் ஆண்டு முதல் சுழலும் காற்றாலைகளும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். அவற்றை நிமிர்ந்து பார்க்கிற கண்கள் காலடியைப் பார்ப்பதில்லை. கடற்கரை மணலில் ஆட்டுக்குளம்பு போன்ற தடித்த இலைகளோடும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களோடும் படர்ந்து கிடப்பது அடம்பன் கொடி.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியைக் கேட்காத ஈழத்தமிழர் இருக்க மாட்டார்கள். தேர்தல் மேடைகளில் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கொடியைத் தன் வளவில் வேண்டுமென்றே நட்டு வளர்த்தவர்கள் மிகக் குறைவு. மணல் வளவில் குடியிருப்பவர்களுக்கு, அதிலும் இடம்பெயர்ந்து வந்து வெறும் மணலில் வீடு கட்டியவர்களுக்கும், பல ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிக் கரையோரக் காணியைத் துப்புரவாக்குபவர்களுக்கும் இந்தக் கொடி செய்யக்கூடிய வேலை பெரிது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எது அடம்பன்?

தாவரவியலில் இதன் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. பின்பாதிக்கு இலத்தீனில் 'ஆட்டின் கால்' என்று பொருள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயரின் மிச்சம் அது. தமிழிலும் ஆட்டுக்கால் அடம்பு என்று சொல்வோர் உண்டு. சங்கப் புலவர்கள் இதை அடும்பு என்றார்கள். இரண்டாகப் பிளந்த இலையை மானின் குளம்புக்கும், பூவைக் குதிரையின் கழுத்து மணிக்கும் ஒப்பிட்டார்கள். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலிலும் அடும்புக்கு இடம் இருக்கிறது. சிங்களத்தில் இதை முஹுது பிங் தம்புரு என்பார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உறவுமுறை ஒன்று உண்டு. வத்தாளங்கிழங்கும் கங்குன் கீரையும் இதே ஐப்போமியா இனத்தைச் சேர்ந்தவை. மூன்றின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தாய் பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். வத்தாளைக் கொடி நட்டுப் பழகியவர்களுக்கு அடம்பன் நடுவது புதிய வித்தை அல்ல.

இது பல்லாண்டுத் தாவரம். நடுவில் தடித்த ஆணிவேர் ஆழமாக இறங்க, அதிலிருந்து கொடிகள் மணலின்மேல் நாலாபுறமும் ஓடும். ஓடுகிற கொடியின் ஒவ்வொரு கணுவும் ஈர மணலைத் தொட்டால் வேர் விடும். முற்றிய ஒரு கொடி 30 மீற்றர் வரைகூடப் போகும். இலை தடிப்பும் வழுவழுப்பும் உள்ளது; அதனால் உப்புக்காற்றும் சுடுமணலும் அதை இலேசில் கருக்குவதில்லை. கிள்ளினால் பால் வரும். பூ விடியற்காலையில் விரிந்து மதியம் கடக்கச் சோர்ந்துவிடும். ஆனால் அடுத்த நாள் வேறு பூக்கள் இருக்கும். காலையில் தேனீயும் கருவண்டும் வந்துபோவதைப் பார்க்கலாம். காய் உருண்டையானது, அதற்குள் வழமையாக நான்கு விதைகள், மண்ணிறத்தில், மெல்லிய மயிர் போர்த்தியபடி இருக்கும். அந்த விதை கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் போய்க் கரையேறியும் முளைக்க வல்லது. உலகின் வெப்பக் கடற்கரைகள் அனைத்திலும் அடம்பன் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கூட்டின முற்றமும் படர்ந்த கொடியும்

அடம்பனை வளவுக்குள் விடச் சொன்னால் முதலில் எதிர்ப்பவர்கள் நம் அம்மாக்கள்தான். அதில் நியாயம் உண்டு. கூட்டிப் பெருக்கிய வெள்ளை மணல் முற்றம் என்பது நமக்கு வெறும் துப்புரவு அல்ல, 'இங்கே ஆள் இருக்கிறது' என்பதற்கான அடையாளம். ஈர்க்குமாற்றுக் கோடுகள் விழுந்த முற்றம் குடியிருக்கிற வீடு. கொடி படர்ந்த முற்றம் கைவிடப்பட்ட வீடு. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்கள் தங்கள் காணியில் முதலில் செய்த வேலை படர்ந்து கிடந்த எல்லாவற்றையும் வெட்டி அள்ளி எரித்ததுதான். அடம்பன் அவர்களுக்கு ஊரில்லாத காலத்தின் அடையாளம். அந்த மனநிலையைப் பழிக்க முடியாது.

ஆனால் கடலுக்கு அண்மையான வளவில், உரித்த கோழி போல மணலை வெறுமையாக்கியபின் வருகிற முதல் சோளகத்தில் என்ன நடக்கும் என்பதை மாம்புரிக் கரையில் நின்று பார்க்கலாம். கற்பிட்டிக் குடாநாட்டில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று இடைவிடாது அடிக்கிறது. காற்றாலைக்காரர்கள் இங்கே வந்ததும், பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட வெளிநாட்டவர்கள் கற்பிட்டிக்கு வருவதும் இந்தக் காற்றை நம்பித்தான். நுரைச்சோலைக்குக் கப்பலில் வரும் நிலக்கரியைக்கூட இந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பால் இறக்க முடிவதில்லை. அதே காற்று போர்த்து மூடாத மணலைக் கிளப்பி வீட்டுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் பயிர்ப்பாத்தியிலும் கொட்டுகிறது.

மணல் நகர்ந்தால் எதுவரை போகும் என்பதற்கு வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு இருக்கிறது. அங்குள்ள பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாடுகள் மணல்மேடுகளுக்கு நடுவே நிற்கின்றன. சுவரே மணலுக்குள் போகிற இடத்தில் கத்தரிப்பாத்தி எம்மாத்திரம்?

எனவே இரண்டும் வேண்டும். வீட்டைச் சுற்றி நாலைந்து மீற்றர் அகலத்துக்கு முற்றம் வழமைபோலக் கூட்டின மணலாகவே இருக்கட்டும். அதற்கப்பால், காற்று வரும் பக்கத்து எல்லையில், இரண்டு அல்லது மூன்று மீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டையாக அடம்பனை விடுங்கள். மாம்புரியில் அது மேற்கும் தென்மேற்கும். முல்லைத்தீவு, வடமராட்சிக் கிழக்கு, மட்டக்களப்புக் கரைகளில் கடல் கிழக்கே. வாடைக்காற்று மணலைக் கொண்டுவருவதும் அந்தப் பக்கத்தில் இருந்துதான். உங்கள் வளவில் மணல் எந்தச் சுவரோடு குவிகிறது என்று ஒரு பருவம் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும்.

பாம்பு வரும் என்ற பயத்தையும் சொல்லியாக வேண்டும். நிலத்தை மூடிப் படரும் எதற்குள்ளும் பாம்போ எலியோ ஒதுங்கலாம். அடம்பன் அதற்கு விலக்கல்ல. ஆகவே நடைபாதை ஓரம், கிணற்றடி, கக்கூசுக்குப் போகும் வழி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் அதை விடக்கூடாது.

அவசரமாக வந்தவர்களின் மணல்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்தில் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். மன்னார்த் தீவில் இருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளம் மாவட்டத்தின் பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டிப் பகுதிகளில் தென்னங்காணிகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தற்காலிகம் என்று தொடங்கிய வாழ்க்கை ஒரு தலைமுறையைக் கடந்துவிட்டது. 'திரண்டால் மிடுக்கு' என்று பேசிய மொழிதான் அந்த ஒக்டோபரையும் கண்டது என்பதை இந்தக் கொடியைப் பற்றி எழுதும்போது மறைத்துவிட முடியாது.

இதைத் தோட்டக் கட்டுரையில் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. காணி யாருடையது, இன்னும் எத்தனை ஆண்டு இருப்போம் என்று தெரியாதவர்கள் மரம் நடத் தயங்குவார்கள். தென்னை காய்க்க ஐந்து, ஆறு ஆண்டுகள் வேண்டும்; மாவுக்கும் அப்படித்தான். உறுதி இல்லாத காணியில் அந்தக் காலத்தை யார் நம்புவது? அடம்பன் அவ்வளவு காலம் கேட்பதில்லை. ஒரு மாரியில் நட்டால் அடுத்த சோளகத்துக்குள் மணலைப் பிடிக்கத் தொடங்கிவிடும். விட்டுப் போக நேர்ந்தாலும் நட்டமில்லை. ஒரு முழத் துண்டைக் கையோடு கொண்டுபோகலாம்.

எப்போது, எங்கிருந்து, எப்படி நடுவது

காலம்: முதல் மழை விழுந்து மணல் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்தபின். புத்தளம் கரையிலும் வடக்கு, கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வருகிறது. ஐப்பசி நடுப்பகுதியில் இருந்து கார்த்திகை முடிவுக்குள் நட்டுவிட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம். கோடையில் நட்டாலும் பிழைக்கும், ஆனால் மூன்று கிழமை வாளியோடு அலைய வேண்டும்.

துண்டு எடுப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. கடலுக்கு முன்னால் நிற்கிற முதல் மணல்மேட்டில் கைவைக்கக் கூடாது. ஊரையே காக்கிற மேடு அது. பின்பக்கத்தில் படர்ந்து பாதைக்கும் வேலிக்கும் மேல் ஏறுகிற கொடிகளில் இருந்து எடுங்கள். எந்தக் கொடியையும் ஆணிவேரோடு பிடுங்க வேண்டாம். உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அதற்குள் மணல் அள்ளுவதற்கும் கட்டுமான வேலைக்கும் அனுமதி வேண்டும். கொடித்துண்டு எடுக்கப் போனவர் ஒரு உரப்பை மணலையும் சேர்த்து அள்ளிவரக் கூடாது.

வடக்கு வாசகர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்படாத காணிக்குள், சிவப்புப் பலகையோ மண்டையோட்டுக் குறியோ உள்ள இடத்துக்குள், கொடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கால் வைக்காதீர்கள். ஆளில்லாமல் கிடந்த இடத்தில்தான் அடம்பன் அழகாகப் படர்ந்திருக்கும், ஆபத்தும் அங்கேதான். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசம்பரில்தான். அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. வளவை வெட்டும்போது இரும்பாக எதுவும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அங்கேயே விட்டு விலகி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

துண்டைப் பற்றி. கொடியின் நுனி மிக இளசு, வாடிவிடும். அடிப்பகுதி மரத்துப்போயிருக்கும், வேர்விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவில், பென்சில் தடிப்புள்ள பகுதியில், ஒரு முழ நீளத்துக்கு நாலைந்து கணு இருக்கும்படி வெட்டுங்கள். கணுவில் ஏற்கெனவே வேர் இறங்கியிருந்தால் அதுவே முதல் தெரிவு. வேரைச் சுற்றியுள்ள மணல் உதிராமல் கிளப்ப வேண்டும். வெட்டியதை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்று வெட்டியதை அன்றே நடுவது நல்லது. கையில் படும் பால் சிலருக்கு அரிப்பைத் தரும், கழுவிவிட்டால் போதும்.

ஒரே கொடியின் துண்டுகளையே வளவு முழுக்க நட வேண்டாம். நாலைந்து வெவ்வேறு இடத்துக் கொடிகளைக் கலந்து நடுங்கள். மகரந்தம் ஒரு கொடியில் இருந்து மற்றதற்குப் போனால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

நடும்போது அடிப்பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணுக்கள் மணலுக்குள் நாலு விரல் ஆழத்தில் போகும்படி சரித்து வையுங்கள். நுனிப்பக்கம் காற்று போகும் திசையைப் பார்க்கட்டும். எதிர்த்து வைத்தால் காற்று பிடித்துப் பெயர்த்துவிடும். மணலைக் காலால் மிதித்து இறுக்குங்கள். துண்டுக்குத் துண்டு இரண்டு அடி இடைவெளி விட்டு, ஒரே வரிசையாக இல்லாமல் மாறி மாறி நட்டால் இடையே காற்று ஓடுவதற்கு நேர்வழி கிடைக்காது. மழை இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு, மூன்று கிழமையில் புதுத் தளிர் வரும். அதன்பின் தண்ணீரை நிறுத்திவிடலாம். நிறுத்தவும் வேண்டும்: தினமும் நனையும் கொடி இலையாகத் தள்ளும், பூப்பது குறையும்.

விதையில் இருந்து வளர்க்க விரும்பினால் பொறுமை தேவை. விதையின் தோல் தண்ணீர் புகாத அளவு கடினமானது. காய்ந்து மண்ணிறமான காய்களை எடுத்து, விதையின் கண் உள்ள பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கத்தை அரத்தாளிலோ கரடான சீமெந்துத் தரையிலோ உரசுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்தி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற விடுங்கள். காலையில் ஊதியிருக்கும் விதைகளை ஒரு விரல் அகல ஆழத்தில் ஊன்றலாம். ஊதாதவற்றை இன்னும் கொஞ்சம் உரச வேண்டும். முதலில் வரும் வித்திலைகள் ஆழப் பிளந்து இரண்டு காதுபோல நிற்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ஊறவைத்த விதையைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உண்ணத்தக்கது அல்ல.

கிடுகு வேலியின் உதவி

காற்று மிகக் கடுமையான வளவில் துண்டுகள் வேர்விடும் முன்பே மணலில் புதைந்தோ பெயர்ந்தோ போகும். அதற்கு முழங்கால் உயரத்துக்குப் பனைமட்டை அல்லது தென்னோலையால் ஒரு தாழ்ந்த செத்தை வேலியைக் காற்றுக்குக் குறுக்கே கட்டுங்கள். நெருக்கமாக அடைக்க வேண்டாம். ஏறக்குறைய பாதி வெளியாக இருந்தால் காற்று தணிந்து மணலை வேலியின் பின்னால் இறக்கிவிட்டுப் போகும். முழுதாக அடைத்தால் காற்று மேலெழும்பி மறுபக்கத்தைக் குடைந்துவிடும். தகரவேலி போட்டவர்களுக்கு இது தெரியும். வேலிக்குப் பின்னால் மணல் சேரும் இடத்தில் அடம்பனை நடுங்கள். மணல் மூட மூட அது மேலே மேலே வளரும். இரண்டு வருடத்தில் ஓலை உக்கிவிடும், அந்த வேலையைக் கொடி ஏற்றுக்கொண்டிருக்கும்.

இந்தப் பட்டை செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். நிலத்தோடு உருண்டு வரும் மணலை அடம்பன் மறிக்கும். காற்றில் மிதந்து வரும் தூசியையும் சாம்பலையும் மறிக்காது. அதற்கு உயர்ந்த மரவேலி வேண்டும். கடல் பொங்கி வந்தால் வீட்டு வளவின் கொடி தனியாக எதையும் தடுத்துவிடாது. 2004 டிசம்பர் 26இல் யால கரையில் மணல்மேடு குலையாமல் இருந்த இடங்கள் தப்பின. மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் அழிவு பெரிதாக இருந்தது. அங்கே காத்தது மேடு. அப்படியான மேட்டை ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும் போன்றவை. சில மாதங்களில் மேடு உண்டாகாது.

உரம் வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், கடல்நீருக்கு மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. மேலே இருப்பதோ பெருமணல். போட்ட உரமும் ஊற்றிய மருந்தும் வடிகட்டப்படாமல் நேரே கீழே இறங்கும். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஓயாமல் பயிராகும் இந்தப் பகுதியின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்தான அளவு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, இன்னும் செறியும். அடம்பன் வெறும் மணலில் பிறந்து வளர்ந்த கொடி. யூரியா அதற்குத் தேவையில்லை. உங்கள் கிணற்றுக்கும் தேவையில்லை.

நிலத்தை மூட இப்போது பல வீடுகளில் மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா என்ற படர்செடியை நாற்றுமேடையில் வாங்கி நடுகிறார்கள். அழகுதான். ஆனால் அது அமெரிக்க வெப்ப நாடுகளில் இருந்து வந்த அந்நியத் தாவரம். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வாய்க்காலோரம் போய்விட்டால் பிடிக்க முடியாது. கரையோர மணலுக்குக் காசு கொடுத்து அதை வாங்குவதைவிட இலவசமாகக் கிடைக்கும் அடம்பன் எத்தனையோ மேல்.

அடக்கி வைத்தல்

படர்வதுதான் இதன் குணம். படராதே என்று சொல்லி நடக்கூடாது. மாரிக் காலத்தில் மாதம் ஒருமுறை பட்டையின் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்து, அதைத் தாண்டிய கொடிகளை வெட்டிவிடுங்கள். கோடையில் அந்த வேலையும் இல்லை. தென்னம்பிள்ளை, முருங்கை, மாங்கன்று ஆகியவற்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தை வெறுமையாக வையுங்கள். கொடி மரத்தில் சுற்றி ஏறாது, ஆனால் சிறு கன்றை மூடிவிடும். மரக்கறிப் பாத்தியோடு ஒட்டி நட வேண்டாம்.

வத்தாளை பயிரிட்டு விற்பவர்கள் இதைத் தோட்டத்துக்கு அருகில் வளர்க்காமல் விடுவது நல்லது. கிழங்கைத் துளைக்கும் வத்தாளை மூக்கன்வண்டு அடம்பனிலும் தங்கி வாழும். வத்தாளை அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும் காலத்தில் அந்த வண்டுக்கு அடம்பன் வீடு கொடுத்துவிடும். மற்றப்படி இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க ஓட வேண்டியதில்லை.

செம்மண் வளவிலும் இது வளருமா என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலும் நீர்வடிவும் இருந்தால் வளரும். களிமண்ணில், வெள்ளம் தேங்கும் இடத்தில், வேர் அழுகிவிடும். நிழலில் பூக்காது. தென்னந்தோப்பின் அடியில் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை

சொறிமுட்டை எனப்படும் கடல் நுங்கு பட்டால் அடம்பன் இலையைக் கசக்கிப் பூசுவது கரையோர மீனவரிடம் உள்ள பழைய வழக்கம். தாய்லாந்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கு இலைச்சாற்றை ஆய்வுகூடத்தில் சோதித்தபோது நுங்கின் நஞ்சைத் தணிக்கும் தன்மை காணப்பட்டது. எரிவுக்கு அது உதவலாம். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு அடைத்தாலோ வாந்தி எடுத்தாலோ இலை தேடிக்கொண்டு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உள்ளுக்குக் குடிக்கும் கசாயங்களை நாம் இங்கே பரிந்துரைக்கப் போவதில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு

ஊர் நினைவாக விதை கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வரலாம். வேண்டாம். விதை கொண்டுவருவதற்கு எல்லா நாடுகளும் கட்டுப்பாடு வைத்துள்ளன. அவுஸ்திரேலியாவில் அபராதம் கடுமையானது. அங்கிருப்பவர்களுக்கு அந்தத் தேவையும் இல்லை: குயின்ஸ்லாந்துக் கடற்கரைக்குப் போனால் அடம்பன் அந்த மண்ணின் சொந்தக் கொடியாகவே படர்ந்து கிடக்கும், உள்ளூர் நாற்றுமேடையில் கேட்டுப் பார்க்கலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் முதல் உறைபனியோடு முடிந்துவிடும்.

முதல் வருடத்தில் பூ குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம், கொடி அப்போது வேரைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் மாரியில் ஓரத்தை வெட்டும்போது நல்ல துண்டுகள் கூடை கூடையாக விழும். அவற்றை எரிக்காமல் ஈரச்சாக்கில் சுற்றி அடுத்த வளவுக்குக் கொடுங்கள். பொழுது படுமுன் நட்டுவிடும்படி சொல்லிக் கொடுங்கள்.